மருந்துச் சீட்டு போய்ச் சேரும் வீடு



செவிலியர் படிப்பில் குடும்ப நல மதிப்பீடு என்றொரு பாடம் இருக்கிறது. சமூக நலச் செவிலியம் படிக்கும் மாணவியர் களப்பணிக்குப் போய், ஓரிரு குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா, யாருக்கு என்ன நோய் என்றெல்லாம் கேட்டு எழுதி, கட்டம் போட்டு, படம் வரைந்து, ஆசிரியையிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். மதிப்பெண் வந்ததும் அந்தக் கோப்பு அலமாரிக்குள் போய்விடுகிறது. வேலையில் சேர்ந்த பிறகு வார்டிலோ புறநோயாளிப் பிரிவிலோ அதைப் பற்றிக் கேட்பார் இல்லை. படிக்கும் காலத்துச் சடங்காக முடிந்துவிடுகிற இந்த வேலையைச் செவிலியத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்று வாதாடத்தான் இன்று வந்திருக்கிறேன். காரணம் எளிது. மருந்துச் சீட்டு ஒருவர் பெயரில் எழுதப்படுகிறது. அதை நடத்திவைப்பது ஒரு வீடு. சமைப்பவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் இன்னொருவர், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் வேறொருவர், மாத்திரையை நினைவூட்டுவது பள்ளிக்கூடம் போகும் பேத்தியாகக்கூட இருக்கலாம். இவர்கள் யார், இவர்களால் எது முடியும், எது முடியாது என்று தெரியாத செவிலியருக்கு, தாம் சொல்லி அனுப்பியது நடந்ததா இல்லையா என்பதே தெரியாமல் போகிறது.

இதற்கு முதல் சான்று நம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து இங்கே ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான். அந்நாளில் காசநோய்க்கு வைத்தியம் என்றால் சானடோரியம்: நல்ல காற்று, சத்துள்ள சாப்பாடு, மாதக்கணக்கில் ஓய்வு. நாட்டிலிருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அந்தப் படுக்கைகள் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டு மருந்துகள் கையில் இருந்தன. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டுக்கு அதே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 1959-ல் வெளியானது. நெருக்கடியான வீடுகளில், சானடோரியத்தைவிடக் குறைவான உணவோடு, ஓய்வும் சரிவர இல்லாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்ப்பதால் மற்றவர்களுக்குத் தொற்றிவிடுமே என்ற அச்சத்துக்கும் விடை தேடி, இரண்டு பிரிவினரின் வீட்டாரையும் 5 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். நோயாளி வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்துக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இந்த ஆய்வை மருந்தின் வெற்றியாகச் சொல்வதே வழக்கம். அதில் செவிலியத்தின் பங்கைப் பார்ப்பவர்கள் குறைவு. மையத்திலிருந்து வீடுகளுக்கு ஆட்கள் போனார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் எக்ஸ்ரே எடுக்க வரவைத்தார்கள். குடும்பத்தை அறிந்து நடத்திய சிகிச்சை அது. வீட்டுக்குப் போகும் ஆளை எடுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் இதே முடிவு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்பதே என் எண்ணம். மாத்திரையை நடுவில் விட்டுவிடுபவர்களைத் தேடிப் போவதுதான் பிற்காலத்தில் நாடு முழுவதும் காசநோய்த் திட்டத்தின் தலையாய பிரச்சினையாக இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அறுபது ஆண்டுகள் கழித்து ஜார்க்கண்டில் இன்னொரு ஆய்வு நடந்தது. சென்னை நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2019 முதல் 2022 வரை, நான்கு மாவட்டங்களில், 2,800 காசநோயாளிகளின் வீடுகளில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பத்தினரைப் பின்தொடர்ந்த ஆய்வு அது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பை கிடைத்தது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்தப் பிரிவின் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வந்தவர்கள் சுமார் 39 விழுக்காடு குறைவு; பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 விழுக்காடு குறைவு. 2023-ல் லான்செட் இதழில் இது வெளிவந்தபோது, அரிசியும் பருப்பும் தடுப்பூசிக்கு நிகரான வேலையைச் செய்கின்றன என்று பலர் வியந்தார்கள். எனக்கு இதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. நோயாளிக்கு என்று கொடுக்கும் உணவை அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பசித்த குழந்தை பக்கத்தில் இருக்கும்போது எந்தத் தாயும் தன் பங்கைத் தானே உண்ண மாட்டாள். ஒருவரை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு வகுக்கும் திட்டம் வீட்டு வாசலைத் தாண்டியதும் கரைந்துவிடுகிறது. வீட்டை முழுதாக எண்ணித் திட்டமிட்ட இடத்தில் நோயே குறைந்தது. எத்தனை வாய், எத்தனை கிலோ என்ற கணக்கும் குடும்ப நல மதிப்பீடுதான்.

தொற்றுநோயை விட்டு, இன்று தமிழ்நாட்டை அழுத்தும் இரண்டு நோய்களுக்கு வருவோம். 2020-ல் தொற்றா நோய்கள் பற்றி மாநிலம் முழுவதும் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மட்டுமே அது கட்டுக்குள் இருந்தது. நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காடு. நோய் இருப்பதே தெரியாதவர்களும் இந்தக் கணக்கில் அடக்கம் என்பது உண்மை. ஆனால் தெரிந்தும், மருந்து வாங்கியும், கட்டுக்குள் வராதவர்கள் ஏராளம். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாநிலம் இது. பிறகு எங்கே நழுவுகிறது? இந்தக் கேள்வியிலிருந்துதான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் பிறந்தது என்று சொல்லலாம். மாத்திரை வீட்டுக்கே போகிறது. இயன்முறை மருத்துவமும் வலி தணிப்புப் பராமரிப்பும் கூடவே போகின்றன. இது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் வாசல்வரை போன மாத்திரை வாய்க்குள் போவதற்கு இடையில் ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை அளப்பதற்குத்தான் குடும்ப மதிப்பீடு.

சற்று அருகில் போய்ப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். "உப்பைக் குறைங்கம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது. அந்த வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. சமைப்பவரும் அவரேதான். உப்பைக் குறைத்தால் கணவரும் மகனும் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். ஆகவே அவர்கள் நாக்குக்கு உப்புப் போட்டு, அதையே தானும் சாப்பிடுகிறார். தனக்கென்று தனியாக ஒரு குழம்பு வைக்கும் உரிமை பெரும்பாலான வீடுகளில் சமைக்கிற பெண்ணுக்கு இல்லை. இதை அறிந்த செவிலியர் வேறு விதமாகப் பேசுவார். குழம்பை விட்டுவிட்டு முதலில் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் இவற்றில் எது தினமும் இலைக்கு வருகிறது என்று கேட்பார். கணவரையும் உட்காரவைத்து அவர் பி.பி.யையும் பார்ப்பார். அவருக்கும் அழுத்தம் இருந்தால், அதுவரை மனைவியின் நோயாக இருந்தது அந்த நிமிடத்தில் வீட்டின் நோயாகிவிடும். உப்பு எல்லோருக்குமாகக் குறையும். சர்க்கரை மாத்திரையும் இப்படித்தான். சாப்பாட்டுக்கு முன் ஒன்று என்று அட்டையில் எழுதியிருக்கிறது. காலையில் நூறு நாள் வேலைக்குக் கிளம்புகிறவர் ஒரு டம்ளர் டீயோடு போகிறார். சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வெயிலில் மண் வெட்டினால் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டிக்கொண்டு வரும். இரண்டு தடவை அப்படி ஆனதும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறார். நம் பதிவேட்டில் அவர் 'ஒழுங்காக மருந்து எடுக்காதவர்' ஆகிறார். இன்சுலின் போடச் சொல்லி அனுப்பும்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்பதுகூட எல்லா இடத்திலும் நடப்பதில்லை. இல்லையென்றால் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் முறையைச் சொல்லித்தர வேண்டும். பானையை எங்கே வைப்பது, குழந்தைகள் கை படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் அந்த வீட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

மதிப்பீட்டுக்கான கருவிகள் இல்லாமல் இல்லை. மூன்று தலைமுறையை ஒரே தாளில் வரைந்து காட்டும் குடும்ப வரைபடம், அதாவது ஜெனோகிராம், உண்டு. குடும்பத்தை நடுவில் வட்டமாக வரைந்து, அதைச் சுற்றி வேலையிடம், பள்ளி, கோயில், மகளிர் குழு, ரேஷன் கடை, கடன்காரர் என்று உறவுகளைக் கோடுகளால் காட்டும் ஈக்கோமேப் உண்டு. ஆன் ஹார்ட்மன் 1975-ல் உருவாக்கியது. கேப்ரியல் ஸ்மில்க்ஸ்டைன் 1978-ல் வெளியிட்ட ஃபேமிலி அப்கார், ஐந்தே கேள்விகளில் குடும்பத்தின் ஆதரவை 10-க்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கிறது. கனடாவில் லோரைன் ரைட், மோரீன் லீஹே என்ற இருவர் 1984-ல் நூலாகத் தந்த கால்கரி முறை, குடும்பத்தின் அமைப்பு, வளர்ச்சி நிலை, செயல்படும் விதம் என்று மூன்று பக்கமாகப் பார்க்கச் சொல்கிறது. இவற்றில் ஜெனோகிராமுக்குத்தான் நம் மண்ணில் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. மாமன் மகள், அக்காள் மகள் என்று கோடு இரண்டு பக்கமும் இணையும்போது, எந்த நோய் எந்த வழியாக வருகிறது, எந்தக் கர்ப்பிணியை முன்கூட்டியே உயர் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் படத்திலேயே தெரிந்துவிடும். பங்காளிச் சண்டையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பியும் அதில் தெரிவார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட முடியாது என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்திதானே.

அப்கார் கேள்விகளை அப்படியே மொழிபெயர்த்துக் கேட்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. கஷ்டம் வரும்போது குடும்பம் கைகொடுப்பதில் உங்களுக்குத் திருப்தியா என்று, மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகளிடம் கேட்டால் என்ன பதில் வரும்? "எல்லாரும் நல்லா பாத்துக்கிறாங்க சிஸ்டர்" என்றுதான் வரும். பத்துக்குப் பத்து போட்டுவிட்டு வந்துவிடலாம், ஒன்றும் தெரிந்திருக்காது. அபிப்பிராயம் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. "போன தடவ காய்ச்சல் வந்தப்ப ராத்திரி யாரும்மா கூட உக்காந்திருந்தாங்க? ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ காசு யாரு குடுத்தா? நீங்க இங்க வந்தப்ப வீட்டுல யாரு சமைச்சா?" என்று கேட்டால் பதில் தானாக வரும், மாமியாரும் சேர்ந்து சொல்லுவார். மூன்று பதில்களில் அந்த வீட்டின் பொறுப்பும் பணமும் அன்பும் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று புரிந்துவிடும். கருவி வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் நோக்கத்தை எடுத்துக்கொண்டு, கேள்வியை நம் வீட்டுப் பேச்சில் கேட்டால் போதும்.

மனநலத் துறையில் குடும்பத்தின் இடம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். அடைத்துவைத்துப் பார்க்கும் வழக்கம் இருந்த காலம் அது. கூட இருந்து கவனித்துக்கொள்ளவும், நோயைப் புரிந்துகொள்ளவும், குணமானவரை அழைத்துப் போகவும் குடும்பத்துக்கு அங்கே பயிற்சி கிடைத்தது. அதே பத்தாண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியும் மனநல நோயாளியோடு குடும்பத்தினர் தங்குவதைத் தன் முறையாக்கிக்கொண்டது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் குழுவினர் மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது, ஓயாமல் குற்றம் சொல்லும், வெறுப்பைக் காட்டும், அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகம் என்று கண்டார்கள். பின்னர் சண்டிகரில் இதே அளவுகோலைக் கொண்டு பார்த்தபோது, அப்படிப்பட்ட கடுமை அங்குள்ள குடும்பங்களில் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. நோயாளி 'சோம்பேறியா' இருக்கிறான் என்று பேசும் வீடும், 'உடம்பு சரியில்லை' என்று பேசும் வீடும் வேறு வேறு. அந்தப் பேச்சை முதலில் கேட்பவர் வார்டில் இருக்கும் செவிலியர். கேட்டதை எழுதிவைத்து, நோயைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியான செய்தி. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை அளப்பதில்லை. சோர்ந்துபோன தாய்க்கு எது தெரியாது, எது பயமுறுத்துகிறது என்று தெரிந்துகொள்ளவே அளக்கிறோம்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, நேரம் எங்கே என்பது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, தகுதியுள்ள தம்பதியர் பட்டியல், தொற்றா நோய்ப் பட்டியல், கணினிப் பதிவு என்று ஏற்கெனவே திணறுகிறார். மருத்துவமனை வார்டிலும் ஒரு செவிலியர் பார்க்கும் படுக்கைகளின் எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிந்ததே. காலியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. நான் சொல்வது எதுவும் அதற்கு மாற்றாகாது. ஆனால் ஆயிரம் வீடுகளையும் ஒரே மாதிரி அளக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பக்கவாதம் வந்து வீடு திரும்புகிறவர், முதல் பிரசவம் ஆனவர், புதிதாகக் காசநோய் கண்டவர், மூன்று முறை வந்தும் அழுத்தம் இறங்காதவர் என்று சில வாசல்களில் நின்று விரிவாகக் கேட்டால் போதும். ரைட்டும் லீஹேயும் 1999-ல் பதினைந்தே நிமிடத்தில் குடும்பத்தோடு பேசி முடிக்கும் முறையை எழுதிக்காட்டினார்கள்: பெயர் சொல்லி அறிமுகம், குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டு உரையாடல், சின்னதாக ஒரு வரைபடம், ஓரிரு முக்கியக் கேள்விகள், அவர்கள் நன்றாகச் செய்யும் ஏதாவது ஒன்றைக் கண்டு பாராட்டுதல். நம் அரசு மருத்துவமனைகளில் உறவினர் ஒருவர் நாள் முழுவதும் படுக்கையருகே இருக்கிறார். கட்டு மாற்றும்போதும் மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போதும் அவரோடு பேசலாம். அவரை வராந்தாவுக்கு விரட்டிக்கொண்டே இருக்கும் வழக்கத்தை மாற்றினாலே பாதி நேரம் கிடைக்கும். உண்மையில் நேரத்தை விழுங்குவது மதிப்பீடு இல்லாமைதான். படுக்கைப் புண்ணோடு பத்து நாளில் திரும்பி வரும் நோயாளி எத்தனை மணி நேரச் செவிலியப் பணியைக் கேட்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரம் மிச்சமாகப் பதிவேட்டு முறையும் சேர்ந்து மாற வேண்டும். ஒரே வீட்டின் கர்ப்பிணி ஒரு பதிவேட்டில், அவள் மாமனாரின் சர்க்கரை இன்னொன்றில், குழந்தையின் எடை மூன்றாவதில் இருந்தால், செவிலியர் தம் மனத்தில்தான் அந்த வீட்டை ஒன்றுசேர்த்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவர் மாறுதலாகிப் போகும்போது வீடும் அவரோடு போய்விடுகிறது. இலங்கையில் 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் வழிவந்த குடும்ப நல உத்தியோகத்தர், தம் பகுதியின் தகுதியுள்ள குடும்பங்களைக் குடும்பமாகவே பதிந்து, வீடு வீடாகப் போய்த் தாய்சேய் நலத்தைப் பார்க்கிறார். தாய்மார் இறப்பைக் குறைப்பதில் அந்நாடு தெற்காசியாவில் நெடுங்காலம் முன்னணியில் இருந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. இந்த வீட்டுப் பதிவும் அவற்றில் ஒன்று.

அடுத்து, இது அத்துமீறல் என்ற எதிர்வாதம். நோய்க்கு மருந்து கேட்டு வந்தவரிடம் வருமானம், சண்டை, சச்சரவெல்லாம் ஏன் கேட்க வேண்டும்? நியாயமான கேள்வி. கேட்டதைச் சாதி பார்த்து நடத்தவும், ஊருக்குள் பேசவும் பயன்படுத்திவிடுவார்கள் என்ற அச்சம் மக்களுக்கு இருப்பதில் தவறில்லை. எச்.ஐ.வி. பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டம் ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று பொதுவிதி வகுத்திருக்கிறது. வீட்டார் என்பதற்காக அவர்களிடம் சொல்லிவிட முடியாது. ஒரு கேள்விக்கு வரும் பதில் நம் பராமரிப்பில் எதையும் மாற்றப்போவதில்லை என்றால் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது. களப்பணிக் கோப்பில் கட்டம் நிரம்ப வேண்டும் என்பதற்காகவே கேட்கும் கேள்விகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் பாதி உதிர்ந்துவிடும், உதிரட்டும்.

மூன்றாவது இன்னும் கடுமையானது. குடும்பமே தீங்கு செய்யும் இடமாக இருந்தால்? தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் மணமான, 18 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்கக் குடும்பத்தைக் கூட்டாளியாக்கு என்று எல்லா இடத்திலும் சொல்வது பேதைமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோயாளி தமக்காகப் பேசும் பிரதிநிதியைத் தாமே நியமித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. அவர் உறவினராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சட்டத்துக்கே தெரிந்திருப்பதைச் செவிலியம் மறந்துவிடக் கூடாது. ஆனால் இந்த எதிர்வாதம் மதிப்பீட்டை வேண்டாமென்று சொல்லவில்லை. நன்றாகச் செய்யச் சொல்கிறது. வீட்டார் கூட்டமாக நிற்கும்போது பேசுவதோடு, ஒவ்வொரு பெண்ணிடமும் தனியாகப் பேச ஒரு வழி செய்ய வேண்டும். எடை பார்க்க, வயிறு தொட்டுப் பார்க்க என்று திரைக்குப் பின்னால் அழைத்துப் போகும் நேரம் செவிலியருக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு. 'கீழே விழுந்துட்டேன்' என்று மூன்றாம் தடவை வருகிறவரை அங்கேதான் கேட்க முடியும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அங்கேதான் சொல்ல முடியும்.

கடைசி எதிர்வாதத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். குடும்பம், குடும்பம் என்று பேசுவது அரசும் மருத்துவமனையும் செய்ய வேண்டியதை வீட்டின் தலையில் கட்டுவது. வீடு என்றால் யார்? பெண். 2019-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதும், யூரின் பையைக் காலி செய்வதும், கஞ்சி காய்ச்சுவதும் அந்த 299-க்கு மேல் வந்து உட்காருகின்றன. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றிலேயே தமிழ்நாட்டில் பிள்ளைப்பேறு ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 ஆகிவிட்டிருந்தது. பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதைப் பகிர்ந்துகொள்ள நாலு பேர் இருந்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலர்களும் மகளிர் குழுக்களிலிருந்து வந்த, ஊக்கத்தொகை பெறும் பெண்கள்தாம். ஆகவே இந்த எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. என் பதில் இது: சுமை ஏற்கெனவே அந்தப் பெண்ணின் மேல்தான் இருக்கிறது, மதிப்பீடு செய்யாவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், அவ்வளவுதான். 'வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்' என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதும் கைக்கு, யார் பார்த்துக்கொள்வார் என்று பெயர் எழுதும் கட்டாயம் வந்தால்தான் அவரால் முடியுமா என்ற கேள்வி எழும். முடியாது என்று தெரிந்தால் வலி தணிப்புக் குழுவுக்குச் சொல்ல முடியும், இன்னும் ஒரு வாரம் படுக்கையில் வைத்திருக்க வாதாட முடியும், மகனையும் கணவரையும் வரவழைத்து மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றக் கற்றுக்கொடுக்க முடியும். ஆணுக்குக் கற்றுக்கொடுத்தாலும் வராது என்பது நாமாக வைத்துக்கொண்ட நம்பிக்கை. கேரளத்தில் 2008-ல் அரசு வலி தணிப்புப் பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகளின் ஆதரவோடு செவிலியர் வீடுதேடிப் போகிறார்கள்; அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் துணை நிற்கிறார்கள். குடும்பத்தால் முடியாததை அளந்து, அந்த இடத்தில் ஊரையும் அரசையும் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அது.

ஆகவே நான் கேட்பது சில மாற்றங்களைத்தான். பணிமாற்றத்தின்போது ஒரு செவிலியர் இன்னொருவரிடம் நோயாளியை ஒப்படைக்கையில், நாடித்துடிப்பு, அழுத்தம், மருந்து என்பவற்றோடு, வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தாயிற்று, என்ன பாக்கி என்றும் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு நகல் அந்தப் பகுதிக் கிராமச் செவிலியருக்குப் போக வேண்டும். முதல் வீட்டு வருகையில் நோயாளியைப் பார்த்து முடித்த பிறகு, பக்கத்தில் நிற்கும் அந்த மருமகளையோ மனைவியையோ உட்காரச் சொல்லி, கையில் பி.பி. பட்டையைச் சுற்றி, ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்று கேட்டு, அவர் பெயரில் தனி அட்டை ஒன்று போட வேண்டும்.